பரளிக்காடு பரிசல்: நாள் குறிக்கறதுக்கு முன்னாடி தண்ணி மட்டத்தைப் பாருங்க

டிசம்பர் 3, ராத்திரி – கேள்வி

திருப்பூர்லருந்து 11 பேர் கெளம்பறமுங்க. அப்புச்சிக்கு 74, அம்மாயிக்கு 70, முட்டி வலி. பொடுசுங்க மூணு, சின்னதுக்கு 4 வயசு. ஞாயித்துக்கெழமை கோவை மாவட்டம் காரமடை தாண்டி இருக்கற பரளிக்காட்டுல பரிசல் ஓட்டிட்டு, மத்தியானச் சோறு தின்னுட்டு, அப்படியே முள்ளி, கெத்தை வழியா மஞ்சூர் ஏறி ஊட்டி போய் ராத்திரி தங்கலாம்னு ரோசனை. பரிசல் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்னாங்க. சரியா வருமுங்களா?

டிசம்பர் 4, காலைல

வராதுங்க. பரளிக்காட்டுக்கே ஒரு முழு நாள் வேணும்.

அது பார்க்குல டிக்கெட் வாங்கிப் படகு ஏறி இறங்கற மாதிரி கெடையாது. வனத்துறையும் அங்கிருக்கற இருளர் ஊர்க்காரங்களும் சேர்ந்து நடத்தற ஒரு நாள் ஏற்பாடு. பத்து, பத்தரை மணி வாக்குல போய்ச் சேரணும். சுக்குக் காபி கொடுப்பாங்க. லைஃப் ஜாக்கெட் மாட்டி பரிசல்ல ஏத்துவாங்க, போக வர ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். அப்புறம் சோறு. சித்த நேரம் மரத்தடில கெடந்துட்டு, காட்டுக்குள்ள ஒரு நடை, கடைசியா அத்திக்கடவுல ஆத்துக் குளியல். எல்லாம் முடிய சாயங்காலம் ஆயிடும்.

அதுக்கப்புறம் முள்ளி தாண்டி மஞ்சூர் ரோடு ஏறினா 43 கொண்டை ஊசி வளைவு. யானை ரோட்டை மறிச்சுக்கிட்டு நின்னா பஸ்ஸே மணிக்கணக்கா காத்துக் கெடக்கற ரோடு அது. மார்கழில ஆறு மணிக்கெல்லாம் பொழுது விழுந்துடும். மலை மறைப்புல அதுக்கு முன்னாடியே இருட்டு கட்டிடும். வயசானவங்களையும் கொழந்தைங்களையும் வண்டில வெச்சுக்கிட்டு அந்த நேரத்துல அங்க நிக்கவே கூடாது. ஊட்டியை வேற நாளுக்குத் தள்ளி வெச்சு மேட்டுப்பாளையம் வழியா போங்க.

டிசம்பர் 4, மத்தியானம்

முன்பதிவு பத்தி எழுத விட்டுப்போச்சு. பொதுமக்களுக்கு சனி, ஞாயிறுதான். வார நாள்ல பெரிய கூட்டமா சேர்ந்து கேட்டா மட்டும் ஏற்பாடு பண்ணுவாங்க. கோவை வனக்கோட்டத்தோட இணையப் பக்கத்துல பதிவு பண்ணணும். பதிவு இல்லாம நேராப் போனா திரும்பித்தான் வரணும், ஏன்னா தலைக்கணக்கு வெச்சுத்தான் காலைல ஒல வெப்பாங்க. 11 பேர்னு பதிஞ்சுட்டு 14 பேரா போய் இறங்காதீங்க, அந்த மூணு பேரு சோறு சமைச்சவங்க பங்குலருந்துதான் போகும். கட்டணம் அப்பப்ப மாறும்; பதியற அன்னிக்கு அந்த இணையப் பக்கத்துல போட்டிருக்கறதுதான் கணக்கு.

பொங்கலை ஒட்டின வாரத்துக்கு இப்பவே பதிஞ்சாத்தான் உண்டு.

டிசம்பர் 5

வழி. திருப்பூர், அவினாசி, அன்னூர், அங்கிருந்து காரமடை. கோயமுத்தூருக்குள்ள நுழையவே வேண்டாம். காரமடைலருந்து மேக்கால திரும்பினா வெள்ளியங்காடு. அதுவரைக்கும் தோட்டமும் தென்னையுமா சமவெளி. வெள்ளியங்காடு தாண்டினதும் காட்டுப் பாதை, ஏத்தம், வளைவு. முள்ளி ரோடும் பில்லூர் ரோடும் பிரியற எடத்துல பில்லூர்ப் பக்கம் திரும்பணும். பேச்சு சுவாரசியத்துல நேராப் போனா கேரள எல்லைக்குப் போய் நிப்பீங்க.

கோயமுத்தூர்லருந்துன்னா சுமாரா 70 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். திருப்பூர்லருந்து சாப்பாட்டுக்கு நிக்கறதையும் சேர்த்து மூணு மணி நேரம்னு வெச்சுக்குங்க. ஏழு மணிக்கு முன்னாடி வண்டி கெளம்பிடணும்.

காரமடைல மூணு வேலை இருக்கு: டீசல் ரொப்பறது, சில்லறை மாத்தறது, எல்லாரும் பாத்ரூம் போய்ட்டு வர்றது. அதுக்கப்புறம் இது மூணும் சிரமம். போன் சிக்னலும் காட்டுக்குள்ள விட்டு விட்டுத்தான் வரும். பதிவு ரசீதையும் வழிப்படத்தையும் முன்னாடியே போன்ல எறக்கி வெச்சுக்குங்க. ஒரு தாள்ல அச்சடிச்சும் வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

பொடுசுங்களுக்கு வளைவுல வாந்தி வரும். வயிறு முட்ட சாம்பார் இட்லி குடுத்துட்டு ஏத்தாதீங்க. ரெண்டு இட்லி பொடி தொட்டுப் போதும். ஒரு எலுமிச்சம்பழம் கைல இருக்கட்டும். முன் சீட்டுல உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே வந்தா பாதி தலைசுத்தல் கொறையும். போன்ல வெளையாடிக்கிட்டு வர்ற பையன்தான் மொதல்ல வாந்தி எடுப்பான்.

டிசம்பர் 5, ராத்திரி

எல்லாத்தையும் விட முக்கியமானதை இன்னும் சொல்லல. தண்ணி மட்டம்.

நீங்க பரிசல் போறது பில்லூர் அணையோட பின்பக்கம் தேங்கி நிக்கற பவானித் தண்ணில. அணைல தண்ணி நிக்கற முழு மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டா உபரித் தண்ணியைத் தெறந்து விட்டுடுவாங்க. மழைக்காலத்துல பேப்பர்ல தினம் வர்ற கணக்கு இது, கோவை பதிப்புல பாத்திருப்பீங்க. ஆனி, ஆடில நீலகிரிலயும் அட்டப்பாடிலயும் அடிக்கற மழை நேரா இங்கதான் வரும், ராத்திரியோட ராத்திரியா பல அடி ஏறிடும். அப்ப தண்ணி செந்நெறமா, கட்டையும் செத்தையுமா மெதந்துக்கிட்டு வரும். அந்த மாதிரி நாள்ல பரிசலை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா கோவிச்சுக்காதீங்க.

சித்திரை, வைகாசில இதுக்கு நேர்மாறு. தண்ணி வத்தி கரை தூரமாப் போயிடும். பில்லூர்ல வண்டல் நெறையப் படிஞ்சு கெடக்கு. மேல பாத்தா காஞ்சு வெடிச்ச களிமண் மாதிரித் தெரியும், கால் வெச்சா கணுக்கால் வரைக்கும் பொதையும். செருப்பு உள்ளயே தங்கிடும். முட்டி வலிக்காரங்களுக்கு அந்த நடை ஆகவே ஆகாது.

உங்களுக்குத் தை, மாசிதான் தோது. மழை ஓஞ்சிருக்கும், தண்ணி தெளிஞ்சிருக்கும், வெயிலும் தலையைப் பொளக்காது. அப்பவும் பில்லூர்ல மின்சாரம் எடுக்கறதைப் பொறுத்து மட்டம் ஏறி எறங்கும். அதனால போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பதிவு பண்ணின எடத்துல போன் பண்ணி, "பரிசல் ஓடுதுங்களா, கரைலருந்து எத்தனை தூரம் நடக்கணும்"னு இந்த ரெண்டே கேள்வி கேளுங்க. அம்மாயி வரலாமா வேண்டாமான்னு அந்தப் பதில்லயே தெரிஞ்சுடும்.

அத்திக்கடவுல குளிக்கறப்பவும் அணை தெறக்கறாங்களான்னு விசாரிச்சுட்டு எறங்குங்க.

டிசம்பர் 6

நேத்து கடைசி வரி தப்பு. திருத்திக்கறேன்.

அத்திக்கடவு அணைக்கு மேல இருக்குது. அணை தெறந்தா அங்க தண்ணி வராது. தெறக்கற தண்ணி பாயறது அணைக்குக் கீழ, நெல்லித்துறை, மேட்டுப்பாளையம் பக்கம். அங்க வானம் வெளுத்து இருக்கறப்பவே மின் உற்பத்திக்கு விடற தண்ணி திடீர்னு ஏறி ஆளை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. திரும்பி வர்ற வழில "இன்னொரு முழுக்குப் போட்டுட்டுப் போலாம்"னு மேட்டுப்பாளையத்துல ஆத்துல எறங்கற எண்ணம் இருந்தா விட்டுடுங்க.

அத்திக்கடவுல பாக்க வேண்டியது மேக்கால மலைல மழை பேயுதான்னுதான். பவானி நீலகிரில பொறந்து, கேரளத்துக்குள்ள போய், அட்டப்பாடியைச் சுத்தித் திரும்பி நம்ம பக்கம் வர்ற ஆறு. இங்க வெயில் அடிச்சாலும் அங்க பேஞ்சது ஓட்டமா வரும். தண்ணி கலங்க ஆரம்பிச்சா, சருகும் நுரையும் வர ஆரம்பிச்சா, மறுபேச்சு இல்லாம கரையேறணும்.

மத்தபடி அங்க ஆபத்துன்னா பாறைப் பாசிதான். வெறுங்கால்ல வழுக்கும். ரப்பர் செருப்புல இன்னும் வழுக்கும். பின்வார் வெச்ச, அடியில பள்ளம் பள்ளமா பிடிமானம் இருக்கற செருப்புப் போடுங்க. வழிகாட்டி கைகாட்டற எடத்தைத் தாண்டிப் போகாதீங்க. பள்ளம் எங்கன்னு அவருக்குத்தான் தெரியும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். கோயமுத்தூர்ல நெறையப் பேரு குடிக்கற தண்ணி பில்லூர்லருந்துதான் போகுது.

டிசம்பர் 7

கேட்டவர் மறுபடியும்: "பரிசல் கவுந்துடாதுங்களா? அம்மாயி பயப்படுது."

பரிசலோட ஆகிருதியைப் பாத்தா பயம் கொறையும். அடி வட்டமா, அகலமா, ஆழம் இல்லாம இருக்கும். மூங்கில் பிளாச்சை வளைச்சுக் கூடை மாதிரிப் பின்னி, அடில அந்தக் காலத்துல தோல் கட்டினாங்க. அப்புறம் சாக்கைப் போர்த்தித் தார் பூச ஆரம்பிச்சாங்க. இப்ப ஃபைபர்லயும் வந்துடுச்சு. முன், பின் கெடையாது. ஒரே துடுப்பு, அதை முன்னாடி போட்டு இழுத்துத்தான் ஓட்டுவாங்க.

ஒரு பக்கமே எடை விழுந்தாத்தான் அது சாயும். அது எப்ப நடக்கும்னா, ஒருத்தர் போட்டோ எடுக்க எந்திரிப்பாரு, மத்தவங்க எல்லாம் அவரு பக்கம் சாய்வாங்க. எந்திரிக்காம இருந்தா பயமே இல்ல. ஏறறப்ப விளிம்புல கால் வெக்காம நட்ட நடுவுல வெக்கணும், குனிஞ்சபடியே போய் உக்காரணும். கனமானவங்க ஒருத்தருக்கொருத்தர் எதிரெதிரா. பொடுசு ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல. சுத்தட்டுமான்னு பரிசல்காரர் கேட்டா, தலைசுத்தல் இருக்கறவங்க மொதல்லயே வேண்டாம்னு சொல்லிடணும்.

லைஃப் ஜாக்கெட்டுல ஒரு சமாச்சாரம். பெரியவங்க அளவை 4 வயசுக் கொழந்தைக்கு மாட்டினா தண்ணில விழுந்ததும் அது மட்டும் மேல போகும், கொழந்தை கீழ வழுகும். மாட்டினதுக்கப்புறம் ரெண்டு தோள்லயும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறி வந்தா அளவு பெருசு. சின்னதா கேளுங்க, காலிடுக்குல மாட்டற வார் இருந்தா அதையும் மாட்டுங்க. அது கெடைக்கலைன்னா அந்தப் பொடுசு கரையிலயே இருக்கட்டும், தப்பில்ல.

அம்மாயிக்குப் பிரச்சினை பரிசல்ல கெடையாது. அவ்வளவு தாழ உக்காந்து எந்திரிக்கறதுதான் கஷ்டம். ஒரு மணி நேரம் காலை மடக்கி வெச்சா முட்டி புடிச்சுக்கும். காலை நீட்டி உக்கார்ற மாதிரி எடம் விட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. பருத்திப் போர்வையை நாலா மடிச்சு அடில போட்டுக்கலாம், எப்படியும் அடி ஈரமாத்தான் இருக்கும். முடியலைன்னா கரைல மரத்தடில கயித்துக் கட்டில் போட்டிருப்பாங்க. அதுல சாஞ்சு தண்ணியைப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதே அம்மாயிக்கு நல்ல நாளா அமையும்.

டிசம்பர் 8

கொண்டு போக வேண்டியது: எவர்சில்வர் பாட்டில்ல தலைக்கு ஒரு லிட்டர் தண்ணி, மாத்துத் துணி, துண்டு, தொப்பி, மாத்திரை. துணிப்பைல போடுங்க. போனை ஈரம் படாம வெக்க ஜிப் கவர்.

ஒருத்தர் பளிச்சுனு கேட்டுட்டாரு: "ஜிப் கவரும் பிளாஸ்டிக்தானுங்களே?" நியாயம். ஒருதடவை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1லருந்து தமிழ்நாடு முழுக்கத் தடை. காட்டுச் சோதனைச் சாவடில பையைத் தெறந்து பாப்பாங்க. பட்டியல்லருந்து ஜிப் கவரை நீக்கிட்டேன். மூடி இறுக்கமா இருக்கற எவர்சில்வர் சம்படம் ஒண்ணு எடுத்துக்குங்க, மூணு போன், சாவி, பர்ஸ் எல்லாம் அதுலயே அடங்கும். சிப்ஸ் பாக்கெட், தண்ணி பாக்கெட், பாலிதீன் பை எதுவும் கூடாது. கொறிக்கறதுக்கு முறுக்கு, கடலை மிட்டாயை டப்பால போட்டு எடுத்துக்குங்க.

வாழைப்பழத் தாரு, கரும்பு, பலாப்பழம் வண்டில வேண்டவே வேண்டாம். மூணும் யானைக்கு வெகு தூரத்துலயே மணக்கும். பொங்கல் முடிஞ்சு மிச்சக் கரும்பை வண்டிக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு அந்த ரோட்டுல போறது வெனையை வெலைக்கு வாங்கற மாதிரி.

டிசம்பர் 8, பொழுதோட

யானை ரோட்டுல நின்னா: தூரத்துலயே நிறுத்துங்க. நூறு மீட்டர் எடைவெளி இருந்தா நல்லது. ஹார்ன் கூடாது, ஹெட்லைட்டை மின்னி மின்னிக் காட்டக் கூடாது, யாரும் கீழ எறங்கக் கூடாது. எஞ்சின் ஓடட்டும். அது காது விரிச்சுத் திரும்பினா மெதுவா பின்னால எடுங்க. ஒண்ணு ரோட்டைத் தாண்டிடுச்சுன்னு ஒடனே கெளம்பிடாதீங்க. பின்னாடி குட்டி வரும், குட்டிக்குப் பின்னாடி இன்னொண்ணு வரும். நடுவுல புகுந்த வண்டியைத்தான் அடிக்கும். டெம்போ டிராவலர் ஓட்டறவருக்கு இதைக் கெளம்பறப்பவே சொல்லிடுங்க. சமவெளி டிரைவர் அவசரத்துல ஹார்ன் அடிச்சுடுவாரு.

டிசம்பர் 10

சாப்பாடு. வந்தவங்களுக்குக் கேசரி, சப்பாத்தி குருமா, பிரியாணி, தயிர்ச்சோறுன்னு ஊர்ச் சமையலும் இருக்கும். சைவம் எத்தனை, கோழி எத்தனைன்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஆனா அங்க போய் ராகிக் களியையும் கீரையையும் விட்டுடாதீங்க.

டவுன்ல வளந்த பசங்க களியைச் சோறு மாதிரி மென்னுட்டு, பல்லுல ஒட்டுதுன்னு ஒதுக்கி வெச்சுடுவாங்க. மெல்லக் கூடாது. வெரலை நனைச்சுக்கிட்டு நெல்லிக்காய் அளவு கிள்ளணும், கட்டை வெரலால ஒரு குழி பண்ணி அதுல கீரைக் கடைசலை ஏந்தி, நேரா முழுங்கணும். சூடு ஆறறதுக்குள்ள. ஆறினா இறுகிடும். அப்புச்சி பக்கத்துல பேரனை உக்கார வைங்க, வேற யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

சமைக்கறவங்க, பரிசல் போடறவங்க, வழிகாட்டறவங்க எல்லாருமே அந்த ஊர்க்காரங்க. வர்ற வருமானமும் அந்த ஊருகளுக்குத்தான் போய்ச் சேருது. அவங்க வீட்டு வாசல்ல போய்க் கேக்காம போட்டோ எடுக்காதீங்க. ஒரு வார்த்தை கேட்டா சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க. தேன், நெல்லிக்காய், சீமாறு விக்கறதைப் பாத்தா வாங்குங்க, பேரம் வேண்டாம்.

டிசம்பர் 11

இன்னொருத்தர் கேள்வி: அத்திக்கடவு – அவினாசித் திட்டத் தண்ணி இங்கருந்துதான் வருதா?

பேரு மட்டும்தான் இங்கருந்து. மொதல்ல பேசினது இந்தப் பக்கத்துலருந்து மேட்டாங்காட்டுக் குளங்களுக்குத் தண்ணி கொண்டு போறதைப் பத்தித்தான். கடைசில கட்டினது வேற மாதிரி. பவானி ஆத்துல காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ உபரியா போற 1.5 டிஎம்சி (150 கோடி கன அடி) தண்ணியை 6 நீரேற்று நிலையம் வெச்சு ஏத்தி, 1,045 குளம் குட்டைகளுக்கு விடறாங்க. 2024 ஆகஸ்ட் 17ல தொறந்தாங்க. பவானிசாகருக்கும் கீழ வந்துதான் தண்ணி எடுக்கறாங்க. அதனால அத்திக்கடவுல போய்க் குழாயைத் தேடாதீங்க, ஆத்தை மட்டும் பாருங்க. அவினாசிக்காரங்களுக்கு அந்தப் பேரு வந்த எடத்தைப் பாக்கறதே ஒரு நெறவு.

டிசம்பர் 12

காட்டு நடைக்கு அட்டை பயம் வேண்டாம், தை மாசம் காஞ்ச காடு. உண்ணிதான் தொந்தரவு. புல்லு நுனில காத்துக்கிட்டு இருக்கும், மிளகைவிடச் சின்னது. வெளுத்த நெறத்துல முழுக்கால் பேன்ட், கால் உறைக்குள்ள பேன்ட்டைச் சொருகிக்குங்க. ஏறினா கண்ணுக்குத் தெரியும். வண்டி ஏறறதுக்கு முன்னாடி கொழந்தைங்களுக்குக் காது மடல் பின்னாடி, கழுத்து, அக்குள், இடுப்புப் பட்டை எடத்தைத் தடவிப் பாருங்க. கடிச்சுக்கிட்டு இருந்தா நசுக்காதீங்க, மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க. சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுங்க. அப்புறம் சில நாள்ல காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சதைச் சொல்லணும்.

டிசம்பர் 14

தை மாசத்துல எடம் கெடைக்கலைன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. தண்ணியும் பறவையும் பாத்தாப் போதும்னா பெருந்துறை பக்கம் வெள்ளோடு, திருப்பூருக்கே பக்கத்துல நஞ்சராயன் குளம். ரெண்டுமே உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட ராம்சார் பட்டியல்ல இருக்கு, வெள்ளோடு 2022ல, நஞ்சராயன் 2024ல. பரிசல் கெடையாது. வெள்ளோட்டுல கூழைக்கடா, நாரைக் கூட்டம். நஞ்சராயன்ல வரித்தலை வாத்து வர்ற வருசம் காலைல போனாப் பாக்கலாம். பத்து மணிக்கு மேல போனா வெயில்தான் மிச்சம். முட்டி வலிக்காரங்களுக்குப் பரளிக்காட்டை விட இதுதான் லேசு.

டிசம்பர் 17 – கேட்டவர்

ஊட்டியை விட்டாச்சுங்க. தை மாசம் மூணாவது ஞாயித்துக்கெழமை, 11 பேருக்கும் எடம் கெடைச்சுடுச்சு. அம்மாயியும் வருது. எத்தனை மணிக்குத் திரும்பலாமுங்க?

டிசம்பர் 17, ராத்திரி

நல்லதுங்க. நாலரைக்கு அத்திக்கடவுல எல்லாரும் கரையேறித் துணி மாத்தியிருக்கணும். அஞ்சுக்கு வண்டி நகரணும். பொழுது விழறப்ப வெள்ளியங்காடு தாண்டியிருக்கணும். அஞ்சே முக்காலுக்கு மேல தண்ணிக்கு எறங்கற யானைக் கூட்டம் ரோட்டுக்கு வந்துடும். பசங்க இன்னும் சித்த நேரம்னு கெஞ்சுவாங்க, அப்புச்சியை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்க. வெள்ளிக்கெழமை மறக்காம போன் பண்ணி அந்த ரெண்டு கேள்வியையும் கேட்டுடுங்க.